எண்ணப்பட்டவர்கள் – 6: பதினாறு முடிந்த பிறகு

2021 செப்டம்பர் 11, சனிக்கிழமை. மலேசியச் சுகாதார அமைச்சு அன்றைக்கு அறிவித்த கோவிட் மரணங்கள் 592. அவ்வளவு பெரிய ஒருநாள் எண்ணை அதற்கு முன் நாடு கண்டதில்லை. அதற்குப் பிறகும் காணவில்லை.

ஆனால் சென்ற வாரம் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நாம் பார்த்த நெரிசல் ஜூலையில் நடந்தது. செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூச்சு விடத் தொடங்கியிருந்தது. பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள். நோய் தணிந்துவரும் வேளையில் சாவு மட்டும் எப்படி உச்சத்துக்கு ஏறியது?

இதற்கான விடையைக் கம்போங் மேடான் போன்ற இடங்களில்தான் தேட வேண்டும்.

பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய பகுதி இது. தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் புறம்போக்கில் பலகை வீடு கட்டிக் குடியேறின. பிறகு அடுக்குமாடிகள் வந்தன. 2001 மார்ச்சில் நடந்த கலவரத்தில் இங்கே ஆறு உயிர்கள் போயின. இறந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வியை இங்குள்ள மூத்தவர்கள் அதனால் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாடு இறுகியபோது நாள்கூலியும் நின்றது. சன்னலில் வெள்ளைக் கொடி கட்டி உணவு கேட்ட ஜூலை மாதம் அது. சிறிய வீடு, கூட்டுக் குடும்பம், ஒரே கழிப்பறை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் தனிமைப்படுத்த அறை ஏது?

அப்படி ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூலை மூன்றாம் வாரம், விடியற்காலை. ஐந்து நாளாக இருமிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது. ஆம்புலன்சுக்கு அழைக்கிறார்கள். வண்டி வருமுன் உயிர் போய்விடுகிறது. உடல் மருத்துவமனைக்குப் போகிறது. மூக்கிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல் மின்சுடலையில் வழியனுப்பி வருகிறது குடும்பம்.

இத்தகைய மரணங்களுக்கு மருத்துவமனை வைத்திருந்த பெயர் மூன்று எழுத்து: பிஐடி. கொண்டுவரும்போதே உயிரில்லை என்று பொருள். மலேசியாவின் மொத்தக் கோவிட் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்த வகை. வேறெந்த எண்ணையும்விட இதுதான் என்னை உலுக்கியது. ஐந்தில் ஒருவர் கட்டிலுக்கு வந்து சேரவே இல்லை.

மருத்துவமனைக் கட்டிலில் இறந்தவரின் கோப்பு கையிலேயே இருக்கும். வீட்டில் இறந்தவருக்கு எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். பரிசோதனை முடிவு வர வேண்டும். அவர் கோவிட்டால் இறந்தாரா, வேறு நோயால் இறந்தபோது தொற்றும் இருந்ததா என்று மருத்துவர்கள் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கு, அங்கிருந்து புத்ராஜெயாவிலுள்ள அமைச்சுக்குப் போக வேண்டும். அதே கைகள்தான் உயிரோடிருப்பவர்களையும் கவனித்துக்கொண்டிருந்தன. ஜூலையில் அந்தக் கைகள் போதவில்லை. கோப்புகள் குவிந்தன.

அந்த வீட்டில் எட்டாம் நாள் போனது. பதினாறு முடிந்தது. முப்பதும் முடிந்தது. அதன் பிறகு ஒரு மாலை, தொலைக்காட்சியில் "இன்றைய மரணங்கள்" என்று வாசிக்கப்பட்ட எண்ணுக்குள் அப்பா இருந்தார்.

செப்டம்பர் 11-இன் 592 அப்படிச் சேர்ந்ததுதான். தேங்கிக் கிடந்த கோப்புகளை அமைச்சு தீர்த்துக்கொண்டிருந்தது. உண்மையில் இறந்த தேதிப்படி அடுக்கினால் உச்சம் ஆகஸ்டுக்குப் போய்விடுகிறது. நாடு செப்டம்பரில் அதிர்ந்தது, ஆகஸ்டில் நடந்ததைக் கேட்டு.

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 2020 மார்ச் 17-இல் நாட்டின் முதல் இரண்டு மரணங்கள் அறிவிக்கப்பட்டன: சிறீ பெட்டாலிங் சமயக் கூட்டத்துக்குப் போய்வந்த 34 வயது இளைஞர், கூச்சிங்கைச் சேர்ந்த 60 வயது பாதிரியார். ஒவ்வொருவரின் வயதும் ஊரும் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு முடிவில் மொத்தம் 471. அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா மாலைதோறும் சொன்ன எண்ணும், வீடுகளில் நடந்த சாவும் ஏறக்குறைய சேர்ந்தே நடந்தன. 2021-இன் நடுவில்தான் இரண்டும் பிரிந்தன.

சென்னையிலும் இது நடந்தது, வேறு வழியில். மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்தவர்கள் மாநில அரசின் பட்டியலில் இல்லை என்று 2020 ஜூனில் தெரியவந்தது. குழு அமைத்து ஒப்பிட்டார்கள். ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 பேரைச் சேர்ப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. பதிவேடு ஒன்றாக இருந்தால் போதாது. இரண்டு பதிவேடுகளை அருகருகே வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

மலேசிய அமைச்சு அதைச் செய்ய வாய்ப்பளித்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். தொற்று, மரணம், தடுப்பூசித் தரவுகள் கிட்ஹப்பில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கப்பட்டன. பின்னர் மரணங்களின் வரிசைப் பட்டியலும் வந்தது. ஒருவருக்கு ஒரு வரி. பெயர் கிடையாது. வயது, பாலினம், மாநிலம், குடியுரிமை, வேறு நோய் இருந்ததா, வீட்டில் இறந்தவரா, எந்த நாளில் ஊசி. அவற்றோடு இரண்டு தேதிகள் தனித்தனி நிரலில்: இறந்த நாள், அறிவித்த நாள். அந்த இரண்டு நிரல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் அந்த வீட்டின் பதினாறும் முப்பதும் கழிந்தன.

அந்தப் பட்டியலில் கம்போங் மேடானைத் தேடினேன். கிடைக்காது, சிலாங்கூர் என்று மட்டும்தான் இருக்கும். நாட்டிலேயே அதிக மரணங்கள் நிகழ்ந்த மாநிலம் அது. இனம் என்ற நிரலும் கிடையாது. எத்தனை தமிழர் போனார்கள் என்பதை அந்த வரிகள் சொல்லா.

சரி, இத்தனை பாடுபட்டு எண்ணியதில் எல்லாரும் வந்துவிட்டார்களா?

இதற்கு வேறொரு கட்டடத்துக்குப் போக வேண்டும். புள்ளிவிவரத் துறை ஒரு நோயை மட்டும் பார்த்து எண்ணுவதில்லை. எந்தக் காரணமானாலும் பதிவான எல்லாச் சாவுகளையும் எண்ணுகிறது. 2019-இல் அது ஏறத்தாழ 174,000. வீடடங்கிக் கிடந்த 2020-இல் ஏறத்தாழ 167,000. 2021-இல் 224,569.

2019-ஐவிட ஐம்பதாயிரம் கூடுதல். 2021-இல் கோவிட் என்று அமைச்சு அறிவித்தது ஏறத்தாழ 31,000. மக்கள் மூப்படைவதால் ஆண்டுதோறும் கூடும் சில ஆயிரங்களையும் கழித்துவிடுங்கள். அப்போதும் பத்தாயிரத்துக்கும் மேல் மிஞ்சுகிறது.

யார் இவர்கள்?

அந்நாளில் மருத்துவர் பார்க்காத சாவு ஒரு வீட்டில் நடந்தால் குடும்பம் காவல் நிலையத்துக்குப் போகும். என்ன ஆயிற்று என்று உறவினர் சொல்வார், பணியிலிருப்பவர் எழுதுவார். அப்படி எழுதும் வழக்கத்தில் மிகப் பழகிப்போன இரண்டு மலாய்ச் சொற்கள் இருந்தன: சாக்கிட் துவா. முதுமை நோய்.

காரணம் எழுதும் அந்தக் கட்டத்தில் முன்பும் இப்படி ஒரு சொல் இருந்தது. 1918 அக்டோபரில் மலாயாத் தோட்டங்களில் இன்ஃபுளுவென்சா புகுந்தபோது, இதே போலக் காவல் நிலையத்தில், மருத்துவர் அல்லாத ஒருவர் எழுதிய சொல்: காய்ச்சல். வகை சொல்லப்படாத, வெறும் காய்ச்சல். அந்த ஒரு சொல்லுக்குக் கீழே எத்தனை ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் புதைந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. அதற்கு மூன்றாண்டு காத்திருந்து, உயிரோடிருப்பவர்களை எண்ண வேண்டியிருந்தது.

1921-இல் எண்ணினார்கள்.

(தொடரும்)