தமிழ்க் கணினி அச்சுக்கோப்பு

தமிழ்க் கணினி அச்சுக்கோப்பு என்பது தமிழ் நூல்களின் உரையைக் கணினியில் தட்டச்சு செய்து, பக்கங்களாக வடிவமைத்து, அச்சிடுவதற்கேற்ற கோப்பாக ஆக்கும் பணி ஆகும். ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் முறைக்கு மாற்றாக இது வந்தது. அச்சகங்களில் இது டி.டி.பி. என வழங்கப்படுகிறது.

வரலாறு

1985 இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர், மேசைக் கணினியில் பக்கம் அமைக்கும் முறையைப் பரவலாக்கியது. 1994 இல் ஆல்டஸ், அடோபி நிறுவனத்துடன் இணைந்தது. தமிழ்நாட்டு அச்சகங்களில் பெரிதும் பயன்பட்ட இம்மென்பொருளின் 7.0 பதிப்பு 2001 இல் வெளிவந்தது. அதுவே இறுதிப் பதிப்பு. 1999 இல் அடோபி அறிமுகப்படுத்திய இன்டிசைன் இதற்கு மாற்றாக அமைந்தது.

குறியேற்றச் சிக்கல்

பேஜ்மேக்கர் ஒருங்குறியை ஆதரிக்கவில்லை. ஆகவே தமிழ் வடிவங்களைப் பிற எழுத்துகளுக்குரிய இடங்களில் வைத்த 8 பிட் எழுத்துருக்கள் பயன்பட்டன. எழுத்துரு நிறுவனங்கள் வெவ்வேறு குறியேற்றங்களைக் கையாண்டதால், ஓர் எழுத்துருவில் அமைத்த நூல் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. டாப் தமிழுடன் ஆங்கிலத்தையும் கொண்டது. டாம் தமிழுக்கு மட்டும் உரியது.

பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும். எடுத்துக்காட்டாக, "கொ" என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகும். ஒருங்குறியில் அது ககரம், ஒகரக் குறி என இரண்டே. ஆகவே மாற்றி மென்பொருள்கள் குறிகளை வரிசை மாற்றி இணைக்க வேண்டும். ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே வடிவமாக இருப்பதால், மாற்றிய உரையில் "கௌரவம்" என்பது ளகரம் பெற்று "கெளரவம்" ஆகிவிடுவதுண்டு. அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றுவதால் மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்கு இப்பிழை எளிதில் தப்பும். ஆனால் கணினித் தேடலில் அச்சொல் அகப்படாது.

ஒருங்குறிக்கு மாற்றம்

2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரங்களாக அறிவித்தது. 2012 இல் வெளிவந்த சி.எஸ்.6 பதிப்பு முதல் இன்டிசைனில் தமிழ் ஒருங்குறி உரையைப் பயன்படுத்த இயலும்.

கட்டற்ற மென்பொருள்களும் உள்ளன. டோனால்டு குனுத் 1978 இல் வெளியிட்ட டெக், பக்க அமைப்பை உரையோடு சேர்த்துக் கட்டளைகளாக எழுதும் முறையைக் கொண்டது. அதன் வழிவந்த, ஜோனதன் கியூ உருவாக்கிய ஸீடெக் (2004), ஒருங்குறி எழுத்துருக்களை நேரடியாகக் கையாள்கிறது. ஸ்கிரைபஸ் மென்பொருள் 2017 இல் வெளியான 1.5.3 சோதனைப் பதிப்பில் இந்திய எழுத்துமுறைகளுக்கான ஆதரவைப் பெற்றது. 2024 இல் வந்த 1.6 நிலையான பதிப்பிலும் இவ்வசதி உண்டு.

முக்கியத்துவம்

மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் மூலக்கோப்பே அடிப்படை. பழைய கோப்பின் எழுத்துருவும் அதன் குறியேற்ற அட்டவணையும் கிடைக்காவிடின், நூல் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்ய நேரிடலாம். 1998 இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன் தொடக்ககால மின்னூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி வெளியிட்டது. ஒருங்குறியில் சேமிக்கப்பட்ட உரை தனி ஒரு எழுத்துருவையோ பக்க வடிவமைப்பு மென்பொருளையோ சார்ந்திராது.