இல்லாத கையின் வலி

மனிதன் கடலின் ஆழத்தை அளந்தான். திங்களில் கால் பதித்தான். ஆயினும், தன் தலையோட்டினுள் ஏறத்தாழ 1.4 கிலோ எடையுடன் அமைந்துள்ள மூளை உயிருடன் இயங்குவதைக் காண, அவன் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காட்சி கைகூடிய காலத்தில், அதனைக் கொண்டு அரியதொரு வினாவுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் தமிழர். அவர் விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன்.

அவ்வினா நமக்குப் புதியதன்று. மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும், இனிப்பு நீர் நோயால் காலை இழந்தோர் இல்லாத ஊர் அரிது. அவர்களுள் சிலர், "இல்லாத கால் அரிக்கிறது, இல்லாத விரல் வலிக்கிறது" என்று கூறக் கேட்டிருப்போம். கேட்டவர் சிலர் நகைத்தனர். சிலர் சித்தம் கலங்கிற்றோ என ஐயுற்றனர். வேறு சிலர் பேய் பிடித்ததென்று மந்திரிக்கவும் அழைத்துச் சென்றனர். வலியோ மெய்யாகவே இருந்தது. வலிக்கும் உறுப்புத்தான் இல்லை. அங்ஙனமாயின் வலிப்பது எது?

கருவிகள் வந்த வரலாறு

1895இல் ரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அக்கதிர் எலும்பைக் காட்டிற்று. எலும்புக் கூட்டினுள் இருந்த மென்மையான மூளையைத் தெளிவாகக் காட்டவில்லை. 1924இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், தலைத்தோலின் மேல் மின்முனைகளை வைத்து மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். மூளை இயங்குகிறது என்பது அதனால் தெரிந்தது. எவ்விடம் இயங்குகிறது என்பது திட்டமாகத் தெரியவில்லை.

1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கணினிவழி ஊடுகதிர்க் கருவி, உயிருள்ள நோயாளியின் மூளையை முதன்முதலாகக் குறுக்குவெட்டாகப் படமெடுத்தது. 1973இல் லாட்டர்பர், காந்தப் புலத்தைக் கொண்டு படம் உருவாக்கும் வழியை வெளியிட்டார். 1972இல் டேவிட் கோஹன், மூளையின் நுண்ணிய காந்த அலைகளை மீக்கடத்திக் கருவியால் அளந்தார். 1990இல் செய்ஜி ஒகாவா மற்றோர் உண்மையை நிறுவினார். உயிர்வளி நீங்கிய குருதி காந்தப் புலத்தைச் சிறிது குலைக்கும். ஒரு பகுதி உழைக்கும்போது அங்கே உயிர்வளி மிக்க குருதி பாய்வதால், அப்பகுதி படத்தில் வேறுபட்டுத் தோன்றும். சிந்திக்கும் மூளையைக் கத்தியின்றிக் காணும் வாயில் இவ்வாறு திறந்தது.

சென்னையிலிருந்து கலிபோர்னியாவுக்கு

இராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தார். இந்திய அரசியலமைப்பை வரைந்தோருள் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் அவருக்குப் பாட்டனார். தந்தையாரின் பணி காரணமாக இளமையில் பாங்காக்கிலும் பயின்ற அவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் கற்றார். மாணவராயிருந்தபோதே, 1972இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பின்னர்க் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று, 1983இல் சாண்டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அதுவரை கண்பார்வையைப் பற்றியே ஆய்ந்து வந்தவரை, 1991இல் வெளிவந்த ஒரு செய்தி வேறு திசைக்குத் திருப்பியது.

கன்னமும் கட்டைவிரலும்

மூளைப் புறணியில் உடலின் வரைபடம் ஒன்றுண்டு. கனடாவில் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டு, 1930களில் அதனை வரைந்தார். அவ்வரைபடத்தில் கைக்குரிய பகுதிக்கு அண்மையில் அமைந்திருப்பது முகத்துக்குரிய பகுதி. 1991இல் டிம் பான்ஸ் என்பாரும் உடனுழைத்தோரும், பல்லாண்டுகளாகக் கையுணர்வு அற்றிருந்த குரங்குகளின் முகத்தைத் தொட்டபோது, கைக்குரிய மூளைப் பகுதி எழுச்சி பெறுவதைக் கண்டனர்.

குரங்கால் தன் உணர்வைச் சொல்ல இயலாது, மனிதனால் இயலும். கையிழந்த ஓர் இளைஞரின் கண்களைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் அவருடைய கன்னத்தைத் தொட்டார் இராமச்சந்திரன். "கன்னத்தைத் தொடுகிறீர்கள், இல்லாத என் கட்டைவிரலையும் தொடுகிறீர்கள்" என்னும் பொருள்பட விடை வந்தது. பிறகு காந்த அலைப் பதிவுக் கருவியின் துணையை நாடினர். முகத்தைத் தொட்டதால் எழுந்த அலை, கைக்குரிய பகுதியிலும் தோன்றுவதைக் கண்டு, அவரும் உடனாய்வாளரும் 1994இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். முதலில் குச்சி காட்டியதைப் பின்னர்க் கருவி உறுதி செய்தது. இவ்வரிசையை நாம் மறத்தலாகாது.

இதனையொட்டிய மற்றோர் ஆய்வு ஆசிரியருக்கு மிகவும் வேண்டுவது. நரம்பிசைக் கருவி வாசிப்போரின் இடக்கை விரல்கள் மூளையில் மிகுதியான இடம் பெற்றிருப்பதையும், இளமையில் பயிற்சி தொடங்கியோரிடம் அது மேலும் மிகுந்திருப்பதையும், 1995இல் எல்பர்ட் குழுவினர் அதே வகைக் கருவியால் கண்டனர். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் இரப்பரைப் பயிரிட்ட நாள் தொட்டு, மலாயாவில் எத்தனை ஆயிரம் தமிழர் விடியலில் உளி பிடித்துப் பால்மரம் சீவினர்! மரத்தைப் புண்படுத்தாமல் மெல்லிய பட்டையை மட்டும் எடுக்கும் அந்நுண்மை, அவர்தம் மூளையிலும் எழுதப்பட்டிருக்கும் எனக் கருத இடமுண்டு. எவரும் அதனைப் படமெடுக்கவில்லை. படிப்பறியாதார் என அவர்களை எளிதில் ஒதுக்கிப் பேசியோர் உண்டு. அவர்தம் கை பெற்ற கல்வியும் மூளை பெற்ற கல்வியே.

ஒரு கண்ணாடி செய்த மருத்துவம்

இல்லாத கை சிலருக்கு இறுக மூடிய நிலையிலேயே உறைந்து, நகங்கள் உள்ளங்கையில் பதிவதுபோல் வருத்தும். அதனை எவ்வாறு விரிப்பது? இராமச்சந்திரன் மேற்புறம் திறந்த ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை ஒரு புறம் நுழைத்துக் கண்ணாடியை நோக்கினால், இழந்த கை மீண்டு வந்ததுபோல் தோன்றும். நல்ல கையை விரித்தால், அந்தக் கையும் விரியும். கண் கண்டதை மூளை ஏற்றது. சிலருக்கு இறுக்கம் தளர்ந்து வலி தணிந்தது. 1990களின் நடுவில் வெளியான இம்முறை, 2007இல் அமெரிக்க வால்ட்டர் ரீட் படை மருத்துவமனையில் காலிழந்தோரிடம் சோதிக்கப்பட்டது. நான்கு வாரங்களில் கண்ணாடி நோக்கியோரின் வலி குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவில் நற்பயன் காட்டவில்லையெனினும், தீங்கு அரிதான, செலவற்ற முறையாதலால் அது பல நாடுகளில் பயன்பட்டு வருகிறது.

திருத்தப்படும் வரைபடம்

அறிவியலில் பெரியோர் சொல்லும் மறுஆய்வுக்கு உரியதே. முகத்தின் பகுதி கையின் பகுதியைக் கவர்ந்து கொள்கிறது என்னும் விளக்கம் நெடுநாள் பாடநூல்களில் நிலைபெற்றிருந்தது. 2013இல் தமார் மாக்கின் குழுவினர், வலி மிக்கோரின் மூளையில் இழந்த கையின் பகுதி அழியாதிருப்பதைப் படமெடுத்துக் காட்டினர். 2025இல், கை அகற்றப்படுவதற்கு முன்னும் பின்னும் மூவரைப் படமெடுத்து ஆய்ந்தபோது, கையின் வரைபடம் பெரிதும் மாறாதிருந்தமை புலனாயிற்று. கண்ணாடி நரம்பணுக்களைப் பற்றி இராமச்சந்திரன் கூறிய பெருங்கருத்துகளும் பலரால் மறுக்கப்பட்டுள்ளன. இதனால் அவர் பெருமை குன்றாது. நோயாளியின் சொல் பொய்யன்று, அதன் வேர் மூளையில் உள்ளது என்னும் அவருடைய நிலைப்பாடு பின்வந்த படங்களால் வலுவே பெற்றது; அவ்வேர் அமைந்த விதம் பற்றிய விளக்கமே மாறிவருகிறது.

ஒலியும் வடிவும்

தமிழாசிரியர் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. வளைவான ஓர் உருவத்தையும் கூர்முனைகள் கொண்ட ஓர் உருவத்தையும் காட்டி, "இவற்றுள் எது பூபா, எது கிகி?" என்று வினவினால், மிகப் பெரும்பாலோர் வளைந்ததைப் பூபா என்பர். கோலர் 1929இல் வேறு சொற்களால் செய்த இச்சோதனையை, 2001இல் இராமச்சந்திரனும் ஹப்பார்டும் புதுப்பித்தனர். ஆங்கிலம் பேசுவோரிடம் மட்டுமன்றித் தமிழ் பேசுவோரிடமும் விடை ஒத்திருந்தது. ககரமும் பகரமும் நமக்கு வல்லினமே. ஆதலின் இனம் மட்டும் காரணமாகாது. ஊகாரம் இதழ் குவிதலால் பிறப்பது என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் உரைத்துள்ளார். குவிந்த வாயும் வளைந்த வடிவும் மூளையில் எங்கோ கைகோக்கின்றன போலும். இலக்கணம் கற்பிக்கும் வகுப்பறையில் இச்சோதனையை ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு நாமே செய்து பார்க்கலாம்.

நமக்குரிய பாடம்

2003இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை ஆற்றிய இராமச்சந்திரன், 2007இல் இந்திய அரசின் பத்மபூஷண் விருதைப் பெற்றார். அவர் மருத்துவம் பயின்ற சென்னையில், இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கருவிலுள்ள குழந்தை மூளையின் நுண்படத் தொகுதியைத் 'தரணி' என்னும் பெயரில் 2024இல் உலகுக்கு அளித்தது. ஆய்வு அம்மண்ணில் தொடர்கிறது.

கோடிக்கணக்கான வெள்ளி விலையுள்ள கருவி நம் பள்ளிகளுக்கு வாராது. பஞ்சும் குச்சியும் கண்ணாடியும் எந்தத் தோட்டப் பள்ளியிலும் உண்டு. கருவியினும் பெரிது வினா. வினாவினும் பெரிது, துன்புறுவோரின் சொல்லை நம்பிக் கேட்கும் செவி. "எழுத்துகள் எனக்கு நிறமாகத் தோன்றுகின்றன" என்று ஒரு குழந்தை சொன்னால், பொய் எனக் கடியாது, "எந்த எழுத்து எந்த நிறம்?" என வினவும் ஆசிரியரே அறிவியலுக்கு வாயில் திறப்பவர். காலிழந்த முதியவர் இல்லாத விரல் நோகிறதென்றால் நகையாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் இளைஞனே கற்றவன். அத்தகையோரை ஆக்குவது நம் பணி.