செம்மறித்தோலுக்கும் கணக்கு

பாய்மரக் காலத்துக் கடற்போர் என்றால் பலருக்கும் புகையும் முழக்கமும்தான். எனக்கு நினைவுக்கு வருபவர் வில்லியம் ரிவர்ஸ், பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் விக்டரி கப்பலில் 1790 முதல் 1812 வரை கன்னர், அதாவது பீரங்கிப் பொறுப்பாளர். 1805 டிரஃபால்கர் சண்டையில் அதே கப்பலில் இருந்த அவர் மகன் ஒரு காலை இழந்தான்.

கப்பல் கடற்படையுடையது, பீரங்கியும் வெடிமருந்தும் ஆர்ட்னன்ஸ் போர்டு என்ற தனி அலுவலகத்துடையது. ஆகக் கன்னருக்கு எசமானர் இருவர். விக்டரியின் அடித்தளத்தில் சுமார் 35 டன் வெடிமருந்து. பொறி பறக்காதிருக்கப் பீப்பாய்களுக்குச் செம்பு வளையம். விளக்கோ கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தனி அறையில். குண்டு, திரி, பீரங்கிக் குழாயைத் துடைக்கும் செம்மறித்தோல், மரியாதை வேட்டுக்குப் போன மருந்து எல்லாம் ஏட்டில் ஏற வேண்டும். செலவுக்குக் கேப்டன் கையெழுத்து வேண்டும். கணக்கு நேராகாதவரை கன்னருக்குச் சம்பளம் கைக்கு வராது.

சண்டையில் தீர்ந்ததை எழுதுவது சுலபம். ஈரத்தில் கெட்டதை எழுதுவதுதான் வம்பு என்பேன். நனைந்ததா, கரையில் விற்றதா என்று கேட்க ஆர்ட்னன்ஸ் போர்டில் ஆட்கள் இருந்தார்கள். அந்த போர்டு 1855இல் கலைக்கப்பட்டது.