உப்பு மண்ணில் செப்டிக் தொட்டியும் செடிப் படுகையும்: பாலாற்றுத் தோல் வட்டாரத்தை முன்வைத்து

வீட்டுக் கழிவுநீருக்குச் செப்டிக் தொட்டி. கொல்லையில் இருக்கும் மீன்குளத்துக்கும் அல்லிக்குளத்துக்கும் சரளையில் செடி வளர்த்த வடிபடுகை. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, செடிப் படுகை அமைத்துவிட்டால் தொட்டியே தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிச் செல்லும் தோல் வட்டாரத்தில் இந்த வாதம் நிற்காது. இங்கே இவை ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவை. அப்படி வைத்தாலும் இரண்டுக்கும் அடங்காத ஒரு பொருள் இந்த மண்ணில் இருக்கிறது: உப்பு.

செப்டிக் தொட்டியின் தொழில் எளிது. காற்றுப் புகாத தொட்டியில் கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஆடையாக மிதக்கும். உயிர்வளி வேண்டாத நுண்ணுயிர்கள் கசட்டை மெல்லச் செரிக்கும். வெளியேறும் நீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் நோய்க்கிருமிகள் அதில் பெருமளவு இருக்கும். நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகவே வெளிவரும். மீதி வேலை உறிஞ்சுகுழியைச் சுற்றிய மண்ணுடையது. இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 2470, உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி கேட்பது இதனால்தான். ஆம்பூரின் பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கிறது. அங்கே 18 மீட்டருக்குள் இரண்டு மூன்று வீடுகள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, பலர் அடித்தளமே போடாமல் சிமென்ட் உறைகளை இறக்கி அதைத் தொட்டி என்கிறார்கள். பாலாற்று மணலில் அது கழிவை நிலத்தடி நீருக்கு நேரே அனுப்பும் வழி.

குளத்துச் செடிப் படுகைக்கு வரும் நீரோ வேறு வகை. மீன் கழிவும் மிஞ்சிய இரையும் கலந்த, நீர்த்த, உயிர்வளி நிறைந்த நீர் அது. பம்பு அதைச் சரளையின் அடியிலிருந்து மேலே தள்ளும். கற்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். சம்பும் கல்வாழையும் அதில் ஒரு பங்கை உரமாக எடுத்துக்கொள்ளும். அதே நீர் மறுபடி மறுபடி சுற்றி வருவதால் ஒருமுறை தப்பியது அடுத்த முறை பிடிபடும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 4.6 கிராம் உயிர்வளி தேவை. கழிப்பறை நீரை நேரடியாக விட்டால் அந்த உயிர்வளி எங்கிருந்து வரும்? சரளையின் இடைவெளிகள் கசடால் அடைபடும், நீர் மேலே தேங்கும், கொசு பெருகும். மலக்கசடைத் தடுத்து நிறுத்தும் திறன் செடிக்கு இல்லை. அதற்கு முன்னால் தொட்டி வேண்டும்.

தொட்டிக்குப் பின் செடிப் படுகை என்ற வரிசை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. குளியலறைத் தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழையும் சேம்பும் வாழையும் வைக்கும் வழக்கம் நம் கொல்லைகளில் நெடுங்காலமாக உண்டு. ஆரோவில்லிலும் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இதையே பொறியியலாக வளர்த்தெடுத்து, தொட்டியில் தெளிந்த நீரை நாணற்படுகை வழியே விடுகிறார்கள்.

தோல் வட்டாரத்துக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். பதனிடும் முன் ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பின் பெரும்பகுதி நீரில் இறங்குகிறது. அதன் பிறகு சுண்ணாம்பும் சல்பைடும், குரோம் பதனிடலில் குரோமியம் சல்பேட்டும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும், இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகவும் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு பதிவு செய்கிறது. அந்த உப்பு நிலத்தடி நீரில் கலந்து கிணற்று வழியே வீட்டு நீருக்கும் வருகிறது. நுண்ணுயிர் உப்பைத் தின்பதில்லை. செடி உறிஞ்சுவதும் அற்பமே. வெயில் நீரை ஆவியாக்க ஆவியாக்க, படுகையில் எஞ்சும் நீரில் உப்பு கூடிக்கொண்டே போகும். கல்வாழை இலையின் விளிம்பு பழுப்பேறிக் கருகுவதே முதல் அறிகுறி.

பேசப்படாத இன்னொரு விளைவை வேதியியலிலிருந்தே ஊகிக்கலாம். சல்பேட் மிகுந்த கிணற்றுநீரை வீட்டில் புழங்கினால் அது செப்டிக் தொட்டிக்குள் செல்லும். உயிர்வளியற்ற அந்த இருட்டில் நுண்ணுயிர்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். மூடியின் உட்புறத்து ஈரத்தில் அந்த வாயு கந்தக அமிலமாகி, கான்கிரீட்டைப் பொடியாக உதிர்க்கும். கம்பி வெளியே தெரியத் தொடங்கும். தொட்டிக்குள் இறங்கும் மனிதரைச் சில மூச்சுகளில் சாய்ப்பதும் இதே வாயுதான். பாதுகாப்புச் சாதனமின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விப்பதைக் கையால் மலம் அள்ளுதலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நீரின் தன்மை இப்படி உள்ள ஊர்களில் அச்சட்டத்தை மீறுவது கொலைக்குச் சமம் என்றே கருதுகிறேன்.

ஆலைக் கழிவுக்குச் செடிப் படுகை தீர்வாகும் என்ற யோசனையையும் உப்பின் காரணமாகவே ஏற்க இயலாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் கடந்து இறுதியில் உப்புக் குவியலோடு நிற்கின்றன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் அத்தகைய நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டனர். எந்த முறையிலும் கழிவு மறைந்துவிடுவதில்லை, இடம்தான் மாறுகிறது. 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்காணிப்புக் குழு அமைக்க உத்தரவிட நேர்ந்ததும் இதையே காட்டுகிறது.

ஆக, ஆலைநீரும் வீட்டுநீரும் எங்கும் கலக்கக் கூடாது. வீட்டில், குளியல் நீரும் சமையலறை நீரும் எண்ணெய் பிடிக்கும் சிறு தொட்டி வழியே நேராகச் செடிப் படுகைக்குப் போகலாம். கழிப்பறை நீர் அடி மூடிய செப்டிக் தொட்டியைக் கடந்தே வரவேண்டும். நம் வெப்பநிலையில் ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் படுகை தேவைப்படும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 5 முதல் 10 சதுர மீட்டர். கொல்லை இல்லாத தெருக்களுக்கு இது கைகூடாது. அங்கே பாதாளச் சாக்கடையே வழி. கொல்லை உள்ள வீடுகளுக்கேனும், கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போதே தொட்டியின் அடித்தளத்தையும் வெளியேறும் நீரின் பாதையையும் வரைந்து காட்டும்படி நகராட்சிகளும் ஊராட்சிகளும் கேட்க வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனையில் சல்பேட்டையும் மொத்தக் கரைதிண்மத்தையும் பார்த்த பிறகே படுகைக்கு ஜல்லி இறக்குங்கள்.