மருதமடுவிற் புகுந்த விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாதவனாய் வாயிலில் வந்து நிற்கும் புதியவனே விருந்தினன். உற்றாரும் உறவினரும் அப்பெயர் பெற்றது பிற்கால வழக்கு. அப்பழம்பொருளை மெய்ப்பித்துக் காட்டிய மக்களுள் ஈழத்தின் வடபுலத்துக் கத்தோலிக்கரைச் சிறப்பாகக் குறிப்பிடலாம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் விருந்தோம்பல் அவர்களுக்கு இல்லறத்தின் அணிகலன் மட்டுமன்று. அது உயிரைப் பணயம் வைத்துச் செய்யவேண்டிய கருமமாயிருந்தது.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவ்வாண்டிலேயே ஒரு கட்டளையும் பிறந்தது. கத்தோலிக்கக் குருவானவருக்கு இடமளிப்போரும் அவரை ஒளித்துவைப்போரும் மரணதண்டனைக்கு உரியவராவர் என்பதே அக்கட்டளை. பழைய கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வசமாயின. திருமணமும் பதவியும் அச்சபையின் பதிவேட்டைச் சார்ந்து நின்றன. இதற்கு மதப்பற்று ஒன்றே காரணமன்று. கத்தோலிக்கக் குரு எங்கு உளரோ அங்கே போர்த்துக்கேயரின் கையும் இருக்கும் என ஒல்லாந்தர் அஞ்சினர். வரலாற்றை நடுநிலையோடு நோக்குவோர் இன்னொன்றையும் மறத்தலாகாது. மாந்தையின் புகழ்பெற்ற திருக்கேதீச்சரத்தை இடித்தழித்தவர்கள் இதே போர்த்துக்கேயரே. அந்த மாந்தை மண்ணிலேயே, அவர்களுடைய சமயத்தைத் தழுவிய எளிய குடிகள் பின்னர் வேறோர் அரசினால் வேட்டையாடப்பட்டனர்.

அக்குடிகள் எங்கே போவர்? மாந்தைக்குக் கிழக்கே வன்னிப் பெருங்காடு பரந்து கிடந்தது. பனங்காமம் முதலிய பற்றுகளை ஆண்ட வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தனரேயன்றி, அவர்தம் காடுகளுக்குள் ஒல்லாந்தரின் அதிகாரம் எளிதிற் செல்லவில்லை. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கோயிலில் இருந்த மாதாவின் சுரூபத்தையும் சுமந்துகொண்டு அக்காட்டினுட் புகுந்தன என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுநூறு பேர் அளவில் தப்பியோடி வன்னியை அடைந்தனர் என்றும், இவ்விரு கூட்டத்தாரும் ஒன்றுகூடியபோது மருதமடுவில் ஒரு சிறு கோயில் எழுந்தது என்றும் அம்மரபே கூறும். மருதமரம் நின்ற நீர்மடுவே அவ்விடத்துக்குப் பெயர் தந்தது. காலப்போக்கில் மடு என்பதே வழக்காயிற்று.

இதிற் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. முன்னே வந்தவரும் அகதி; பின்னே வந்தவரும் அகதி. நெல் நிறைந்த களஞ்சியம் உடையவன் வறியவனுக்கு அளித்த விருந்தன்று இது. காய்ச்சலும் யானையும் மலிந்த காட்டில், நேற்றுக் குடிசை கட்டியவன் இன்று வந்தவனுக்குத் தன் கூரையிற் பாதியைக் கொடுத்தான். அந்நிலமும் சைவராகிய வன்னியரின் நிலமேயாதலால், கிறிஸ்தவர் தம்முள் ஒருவரையொருவர் தாங்குவதற்கே பிறசமயத்தார் மண் இடங்கொடுத்தது என்று சொல்வது பொருந்தும்.

குருமார் இல்லாத அத்திருச்சபை எவ்வாறு நிலைத்தது? மூப்பர்களும் அண்ணாவிமார்களும் செபம் சொல்லிக்கொடுத்தனர். தாய்மார் மாலைவேளையில் வீட்டுக்குள்ளேயே செபமாலை சொல்வித்தனர். ஒரு குருவின் முகத்தைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. பெரிய வரலாற்று நூல்கள் ஆயர்களின் பெயரையும் தேசாதிபதிகளின் பெயரையும் நிரல்படக் கூறும். உண்மையில் அக்காலத்துத் திருச்சபையைக் காத்தவை பெயரற்ற வீடுகளே.

அவ்வீடுகளின் கதவைத் தட்டியவருள் ஒருவர் 1687இல் ஈழத்துக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகள். கோவாவில் 1651இற் பிறந்த அவர் கூலியாள் வேடம் பூண்டு, யோவான் என்னும் ஏவலாளனோடு வந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபொழுது கடும் வயிற்றுளைவினால் நலிந்து ஒரு குடிலிற் கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொடுத்துப் பிழைப்பித்தாள் என்று அவருடைய சரிதம் சொல்லும். உடல் தேறியபின் அவர் கைக்கொண்ட உபாயம் நூதனமானது. கழுத்திற் செபமாலையை வெளிப்படத் தரித்துக்கொண்டு வீடுவீடாய்ப் பிச்சை கேட்டார். அதனைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவ்வீடு கத்தோலிக்க வீடு. பிச்சையிடுதலே அங்கு அடையாளச் சொல்லாயிற்று.

பின்னர்ச் சில்லாலை மக்கள் அவரைத் தம்மூரில் மறைத்துவைத்தனர். இரவிற் பூசை நடந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் ஒல்லாந்த வீரர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரைத் திடீரெனச் சுற்றிவளைத்துப் பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகள் தப்பினார், இடங்கொடுத்தோரே தண்டனையை ஏற்றனர். அவர் அப்பாற் கண்டி அரசின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692இற் கண்டியை அடைந்தபோது ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். 1697இல் அந்நகரில் அம்மை நோய் பரவி, பலர் ஊரைவிட்டோடிய காலத்தில், கைவிடப்பட்ட நோயாளரைச் சமயம் பாராது தேடிச்சென்று பேணியவரும் அவரே. யாழ்ப்பாணத்துக் குடிலிற் பெற்ற கஞ்சியை அவர் கண்டியில் திருப்பிக் கொடுத்தார் போலும். 1711ஆம் ஆண்டு தை மாதத்தில் அங்கேயே உயிர்நீத்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1806இல், கத்தோலிக்கருக்கு வழிபாட்டு உரிமை முறைப்படி வழங்கப்பட்டது. ஒளிந்திருந்த மடு நாடறிந்த யாத்திரைத் தலமாயிற்று. 1872இல் ஆயர் பொன்ஜீன் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1924ஆம் ஆண்டு ஆடி 2ஆம் நாள் சுரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதாரும், மாட்டுவண்டியிலும் பின்னர்ப் புகைவண்டியிலும் வந்து, மரநிழலிற் குடில் அமைத்து, அடுப்பு மூட்டித் தங்கினர்.

மூன்று நூற்றாண்டு கழிந்தபின் பழைய கதை மீண்டும் நிகழ்ந்தது. 1990இல் உள்நாட்டுப் போரினால் இடம்பெயர்ந்தோர் மடுக் கோயில் வளவில் ஆயிரக்கணக்கிற் குடியேறினர். 1995ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பெருந்திரளான மக்கள் வெளியேறி, அவருட் பலர் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளை அடைந்தனர். கோயிலும் பள்ளிக்கூடமும் வீட்டு முற்றமும் அவர்களுக்கு உறையுளாயின. ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பகிர்ந்தன. சைவரென்றும் கிறிஸ்தவரென்றும் அங்கே அடுப்புப் பிரிந்திருக்க இயலாது.

ஆயினும் அடைக்கலம் எப்பொழுதும் காப்பாகவில்லை. 1999ஆம் ஆண்டு கார்த்திகை 20ஆம் நாள் இரவு மடுக் கோயில் வளவில் எறிகணைகள் வீழ்ந்து, அங்குத் தஞ்சம் புகுந்திருந்தோரில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அவருட் குழந்தைகளும் இருந்தனர். 2008 சித்திரையிற் போர் அண்மித்தபோது குருமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு கடலோரத் தேவன்பிட்டிக்குச் சென்றனர். 1670இல் மாந்தை மக்கள் சுமந்தது போலவே அது மறுபடியும் சுமக்கப்பட்டது. மீனவர் ஊரொன்றில் நான்கு மாதமளவில் விருந்தாயிருந்து, அவ்வாண்டு ஆவணியில் மடுவுக்குத் திரும்பியது.

2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாட் காலையிற் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், யோசேவ் வாஸ் அடிகளைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். போரில் உறவினரை இழந்த தமிழ்க் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் அவ்வளவில் அருகருகே நின்றன.