சீனியை அறியும் மின்வாய்

நீரிழிவு நோயின் வரலாறு, ஒருவகையில், இனிப்பை அளந்தறிய மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறே ஆகும். 1674ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியரான தோமஸ் வில்லிஸ், நோயாளரின் சிறுநீர் தேன்போல் இனிப்பதை எழுதிவைத்தார். அன்று நாவே அளவுகருவி. 1776ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் நகர வைத்தியர் மத்தேயு டொப்சன், அச்சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சிய வெண்பொருள் சீனியே எனக் காட்டினார். குருதித் தெளிநீரும் இனிக்கின்றது என்பதையும் அவரே கண்டார்.

நாவின் வேலையைப் பின்னர் இரசாயனம் ஏற்றது. அமெரிக்கரான ஸ்ரான்லி பெனடிக்ற் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட நீலக் கரைசல், சீனியோடு சேர்த்துச் சூடாக்கியபோது செங்கல் நிறங் கொண்டது. காரத்தின் துணையோடு சீனி தன் இலத்திரன்களைச் செம்புக்கு வழங்குவதே இந்நிறமாற்றத்தின் காரணம். அவ்விலத்திரன்களை மின்வாயே நேராகப் பெறலாமன்றோ? 1909ஆம் ஆண்டில் வால்ட்டர் லோப் என்னும் ஜேர்மானிய அறிஞர், ஈய மின்வாயில் குளுக்கோசு ஒட்சியேற்றமடைவதை ஆராய்ந்தார்.

ஆயினும் குருதி வெறும் சீனிக் கரைசல் அன்று. அதிலுள்ள யூரிக்கமிலமும் அசுக்கோபிக்கமிலமும் இலத்திரன்களை வழங்கவல்லவை. உலோகம் அவற்றை வேறுபடுத்தி அறியாது. இவ்விடர்ப்பாட்டுக்கு 1962ஆம் ஆண்டில் லீலன்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் ஆகிய இருவரும் வழி கண்டனர். குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியத்தை அவர்கள் மின்வாயின்மேல் அமைத்தனர். பூட்டுக்கேற்ற திறப்புப்போல அந்நொதியம் குளுக்கோசை மட்டுமே பெரிதும் நாடும். இன்று இல்லங்களில் பயன்படும் கருவிகள் அவ்வழியில் வந்தவையே.

நொதியமோ ஒரு புரதம். வெப்பமும் ஈரமும் அதனைக் கெடுக்கும். கெட்ட பட்டை பிழையான எண்ணைக் காட்டினால், இன்சுலினின் அளவும் பிழைக்கும். அளவு மிகுந்தால் நோயாளர் உணர்விழப்பார், உயிருக்கும் இடருண்டு. ஆதலாற்றான் நொதியமின்றி அளக்கும் பழைய எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது.

பிளாற்றினம் சீனியை ஒட்சியேற்றும். ஆனால், குருதியிலுள்ள குளோரைட்டு அதன் மேற்பரப்பை அடைத்துவிடும். நிக்கலும் செம்பும் மலிவானவை. அவற்றின் ஒட்சைட்டு மேற்பரப்பு சீனியிடம் இலத்திரனைப் பெற்று, மின்சுற்றுக்கு வழங்கி, மீண்டும் முன்னிலை எய்தும். எனினும் அவற்றுக்கு வலிய காரம் வேண்டும், குருதியோ 7.4 என்னும் பீ.எச். அளவில், நடுநிலையை ஒட்டி நிற்பது.

2003ஆம் ஆண்டில் கொரிய ஆய்வாளர் நுண்துளைகள் நிறைந்த பிளாற்றினத்தைப் பயன்படுத்தினர். குளுக்கோசு மெதுவாகத் தாக்கமுறுவது. ஆகவே துளைகளால் மேற்பரப்பு விரியுந்தோறும் அதன் மின்னோட்டம் பெருகும். அசுக்கோபிக்கமிலம் விரைந்து தாக்கமுற்று, துளைகளின் வாயிலிலேயே முடிந்துவிடும். அதனால் அதன் மின்னோட்டம் அவ்வளவு பெருகுவதில்லை. உலோகத்தின் வடிவமே தெரிந்தெடுக்கும் ஆற்றலைத் தரலாம் என்பது இதனாற் புலனாயிற்று.

அதன்பின் நனோ அளவினவான நிக்கல், செம்பு, பொன் ஆகியவற்றைக் கொண்டு எண்ணற்ற மின்வாய்கள் ஆக்கப்பட்டன. அவற்றுட் பல காரக் கரைசலிலேயே நன்கு தொழிற்படுகின்றன. மாறாத குருதியில், நாள்தோறும் ஒரே விடையைத் தருவதே இனி அவை தேறவேண்டிய சோதனையாகும். அதில் தேறுமாயின், வெப்பநாடுகளில் குளிர்ப்பெட்டியில்லாக் குடிசையிலும் நம்பத்தக்க அளவீடு கைகூடும்.