பண்டிகை இனிப்புகளும் வளர்ப்பு நாய்களும்

தீபாவளி நாள்களில் வீட்டுக்கு வரும் இனிப்புகளுள் சில, வளர்ப்பு நாய்களுக்கு நஞ்சாகின்றன. சாக்லேட்டிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். ஆதலால் வாந்தி, நிலைகொள்ளாமை, படபடப்பு, வலிப்பு ஆகியவை தோன்றலாம். நிறம் கறுக்கக் கறுக்க நச்சும் மிகும்: 10 கிலோ எடையுள்ள நாயின் இதயத்துடிப்பைச் சீர்குலைக்க 100 கிராம் கருஞ்சாக்லேட்டே போதுமானது.

லட்டு, பாயசம், கேசரி ஆகியவற்றில் இடும் உலர்திராட்சையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. எத்தனை பழம் தீங்கு செய்யும் என முன்கூட்டிக் கணிக்க இயலாது; சில நாய்களுக்குச் சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துள்ளது. உண்ட நாளன்று நாய் நலமாகத் தோன்றினாலும், ஓரிரு நாள்களில் பாதிப்பு வெளிப்படலாம்.

‘சர்க்கரை இல்லாதது’ என விற்கப்படும் இனிப்பில் சைலிட்டால் உள்ளதா என மேலுறையைப் பார்க்கவும். இது அரை மணி நேரத்திற்குள்ளேயே நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும், கல்லீரலையும் தாக்கும். நீரிழிவு உள்ளவருக்கென வாங்கியது நாய்க்கும் நல்லதென எண்ணலாகாது.

நாய் இவற்றை உண்டது தெரிந்தால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் மேலுறையுடன் உடனே கால்நடை மருத்துவரை அணுகவும். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அதுவே உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும்.